அக்டோபர் லீவும் லண்டன் மியூசியமும்

அம்மிணி, திருப்பூரிலிருந்து வந்து வீடு பிடித்து முடிப்பதற்குள் அக்டோபர் லீவு ஒரு வாரம் வந்துவிட்டது, ஏழு வயதுப் பையனை மியூசியத்தில் நடக்கும் கைவேலை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போகலாமா, எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தீர்கள்.

விட்டுவிட்டுப் போக முடியாதுங்க. குடும்பங்களுக்கு என்று நடத்துவதில் பெரும்பாலும் பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஹாலிடே கிளப்புகள் தனியாக உண்டு. ஆனாலும் ஒரு நாளாவது நீங்களோ வீட்டுக்காரரோ லீவு போட்டு அவனோடு போங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியம், சவுத் கென்சிங்டன் இயற்கை வரலாற்று மியூசியம், 2023இல் குழந்தைகளுக்காகவே புதுப்பித்துத் திறந்த பெத்னல் கிரீன் யங் வி அண்ட் ஏ மியூசியம், எல்லாவற்றுக்கும் நுழைவு இலவசம். ஒர்க்‌ஷாப்பிலும் பல இலவசம்தான், சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும். 11 வயது ஆகாத பிள்ளைக்குப் பெரியவரோடு போனால் டியூப் என்கிற பாதாள ரயிலிலும் காசில்லை. கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுங்கள், பழைய சட்டை போட்டுவிடுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் சில அறைகளில் தொட்டுப் பார்க்கும் மேசைகள் இருக்கின்றன. அங்கே இருக்கும் தன்னார்வலர் பழம்பொருளையே எடுத்துக் கையில் கொடுப்பார். நாணய அறையில் என் மகள் ஒரு பழைய காசை வாங்கி, அதில் இருந்த முகத்தின் மூக்கை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். ரோமானியக் காசு நம் கோயமுத்தூர்ப் பக்கம் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கிறது, படியூர்ப் பச்சைக்கல் மேல் ரோமாபுரிக்காரர்களுக்கு அவ்வளவு ஆசை, நொய்யல் கரையில் கொடுமணலில் மணி கோத்தார்கள் என்று அங்கேயே சொன்னேன். உடனே திரும்பி அந்தத் தன்னார்வலர் அம்மாவிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நொய்யலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதுவரை பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை அவள்!

இதற்காகத்தான் போகச் சொல்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகள் வகுப்பில் தப்பாகப் பேசிவிடுவோமோ என்று கூச்சப்பட்டு ஒடுங்கிப்போகிறார்கள். கையில் களிமண்ணோ கத்தரிக்கோலோ இருந்தால் அந்தப் பயம் மறந்து, பக்கத்துப் பிள்ளையிடம் பசை கேட்கப் பேச்சு தானாக வந்துவிடும். அப்புறம் ஒன்று: அவன் செய்யும் யானைக்குத் தும்பிக்கை கோணலாக இருக்கிறது என்று வாங்கித் திருத்தாதீர்கள். நம் ஆட்களில் பலர் இதைச் செய்கிறார்கள், பார்க்கவே மனசு சங்கடப்படும். நடத்துகிறவர் கேள்வி கேட்டால் அவனே பதில் சொல்லட்டும், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. நீங்களும் ஒரு களிமண் உருண்டை வாங்கி உங்களுடையதைச் செய்யுங்கள்.

லண்டனில் எந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்தப் பகுதிக் கவுன்சில் மியூசியத்தில் கூட்டம் குறைவாக இருக்கும், முதல் தடவைக்கு அதுவே தோதுங்க.