அக்காவின் லேப்டாப்பில் மட்டும் படம் உடைந்து தெரிவது ஏன்?

உங்கள் விற்பனைப் பக்கத்தில் ஏற்றிய 800 பிக்சல் அகலப் புடவைப் படத்தில் அந்தத் திரைக்குப் போதுமான பிக்சல், அதாவது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகள், இல்லை. உங்கள் பழைய மானிட்டருக்கு 800 பிக்சல் அகலம் போதும், அக்காவின் புது லேப்டாப்புக்குப் போதாது. கேமராவின் மேல் குறையில்லை, அதை மாற்றப் போகாதீர்கள்.

அவருடையது பெரும்பாலும் ரெட்டினா வகைத் திரையாக இருக்கும். 2010இல் ஐபோன் 4 வந்ததிலிருந்து பரவிய வகை இது. பழைய திரையில் ஒரு புள்ளி இருந்த இடத்தில் இங்கே அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு என நான்கு புள்ளிகள். அதே இடத்தை நிரப்ப 1600 பிக்சல் அகலம் வேண்டும். இல்லாததை பிரவுசர் ஊகித்து நிரப்புகிறது. முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் விற்கும் புடவையின் ஜரிகைக் கரையிலும், படத்தின் மேல் எழுதிய விலையிலும் உடனே பல்லிளித்துவிடும்.

உங்கள் கணினியிலேயே பிரவுசரை 200% பெரிதாக்குங்கள். படமும் சேர்ந்து பெரிதாகி, அவர் சொன்னது போலவே கரை உடைந்தால் காரணம் இதுதான். உடையவில்லையென்றால் அவருடைய பிரவுசரில் ஜூம் 100% இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதுதான் காரணமென்றால் கேமராவின் மூலக் கோப்பிலிருந்து 1600 பிக்சல் அகலத்தில் புதிதாக ஜேபெக் (JPEG) படக் கோப்பு எடுத்து ஏற்றுங்கள், சேமிக்கும்போது கேட்கும் தரம் 80 போதும். பக்கத்தில் காட்டும் அகலம் பழைய 800 ஆகவே இருக்கட்டும். இப்போதுள்ள சின்னப் படத்தையே இழுத்துப் பெரிதாக்கினால் பயனில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்த பிரதியும் வேண்டாம், அது ஏற்கெனவே சுருங்கியிருக்கும்.

ஒன்று மட்டும்: கோப்பு கனமாகும், மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்களுக்குப் பக்கம் மெதுவாகத் திறக்கும்.