அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டார் எடுத்ததற்கு ஏன் அவ்வளவு எதிர்ப்பு?

1965 ஜூலை 25, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. டிலன் ராக் குழுவோடு மேடையேற, கூட்டத்தில் ஒரே கூச்சல். கிட்டார் மட்டும் காரணமில்லை. அந்த ரசிகர்களுக்கு நாட்டுப்புறப் பாட்டு என்றால் கறுப்பினத்தவரின் சிவில் உரிமைப் போராட்டத்தின் குரல். ராக் வெறும் சந்தைச் சரக்கு. தங்கள் ஆள் கட்சி மாறிவிட்டார் என்றே பார்த்தார்கள். ஒலியமைப்பு வேறு மோசம். மூன்றே பாட்டில் இறங்கிவிட்டார் என்றும் சிலருக்குக் கடுப்பு (அப்புறம் தனியாக வந்து இரண்டு பாடினார்). இத்தனைக்கும் அந்த மார்ச்சில் வந்த ஆல்பத்திலேயே பாதி ராக்தான்! 1966-இல் மான்செஸ்டரில் ஒருவர் 'யூதாஸ்' (இயேசுவைக் காட்டிக்கொடுத்த சீடர்) என்றே கத்தினார். சிங்கப்பூரில் நமக்கும் இது புதிதா என்ன? உறுமி மேளத்தில் சினிமா மெட்டு கேட்டால் முகம் சுளிப்பவர்கள் தேக்காவிலும் உண்டு.