மற்றவர் படமும் நம் முகமும்: கேள்வி பதில்

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், லிங்க்ட்இன் பார்த்துவிட்டு மனசு சோர்ந்துபோகிறது என்று வந்த கேள்விகளுக்கு, மருத்துவ உளவியல் படித்த ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி, ஈரோடு: மேடம், ராத்திரி பதினோரு மணிக்கு மேல ரீல்ஸ் பார்த்துட்டு போனை வைக்கும்போது, நான் மட்டும்தான் எதுக்கும் லாயக்கில்லாம இருக்கேன்னு தோணுது. எல்லாம் எடிட் பண்ணினதுன்னு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் ஏன் வலிக்குது?

ஒப்பீடு நீங்கள் யோசித்துச் செய்கிற வேலை இல்லைம்மா. அறிவு வந்து "இது எடிட்" என்று சொல்வதற்குள் மனசு அளந்து முடித்துவிடுகிறது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே இதை எழுதினார். நம் திறமையை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது, நம்மைப் போன்ற இன்னொருவரை வைத்து நம்மை அளக்கிறோம் என்றார். விடைத்தாள் கைக்கு வந்ததும் பக்கத்து பெஞ்சைப் பார்த்து "உனக்கு எவ்வளவு?" என்று கேட்கிறோமே, அதுதான். அதில் குற்றம் எதுவும் இல்லை. அந்த பெஞ்சில் இருப்பவளும் அதே பஸ்ஸில் வந்தவள். அவள் ஃபெயிலானதையும் அழுததையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

போனில் அந்தப் பக்கம் கண்ணில் படுவதில்லை. ஒரு சின்னக் கணக்கு. நீங்கள் 300 பேரை ஃபாலோ செய்கிறீர்கள், ஒவ்வொருவரும் வருஷத்துக்கு நாலே நாலு நல்ல நாளை மட்டும் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் ஃபில்டர் போடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. அப்படியும் 1,200 நல்ல நாட்கள், தினமும் மூன்றுக்கு மேல். ஒருத்திக்கு நிச்சயதார்த்தம், ஒருத்தனுக்கு கேம்பஸில் வேலை, இன்னொருத்தி மூணாறில். மூன்றையும் மனசு ஒரே ஆளின் வாழ்க்கையாகச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு உங்களுடைய சாதாரண புதன்கிழமையை அந்த இல்லாத ஆளோடு வைத்து அளக்கிறது. எடிட் என்று தெரிந்தும் வலிப்பது இதனால்தான்.

ஆகவே "ஒப்பிடாதே" என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். கண் முன்னால் வருவதை மாற்றுங்கள். ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: போனை எடுக்கும்போது மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு, வைக்கும்போது எவ்வளவு, எந்தக் கணக்கைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. பெரும்பாலும் ஐந்தாறு பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றில் நடிகைகள் குறைவாகத்தான் இருப்பார்கள். கூடப் படித்தவர்களும் சொந்தக்காரர்களும்தான் இருப்பார்கள், ஏனென்றால் நமக்கு நெருக்கமான அளவுகோல்தான் ஆழமாகக் குத்தும். அந்தக் கணக்கைத் திறந்து 'ஃபாலோயிங்' தொட்டால் 'மியூட்' வரும். போஸ்ட், ஸ்டோரி இரண்டையும் அமர்த்திவிடுங்கள்.

அவரே: அதுல ஒண்ணு எங்க அத்தை பொண்ணு. மியூட் பண்ணினா அவளுக்குத் தெரிஞ்சுடுமா?

தெரியாது. அன்ஃபாலோ செய்தால்தான் வீட்டில் பேச்சு கிளம்பும். மனசு தெளிவாக இருக்கும் நாளில் நீங்களாகத் தேடிப் போய் பார்த்துவிட்டு வரலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் அழுத்திப் பிடித்து இதேபோல மியூட் செய்யலாம்.

19 வயதுப் பெண், மதுரை: செல்ஃபி எடுத்தா மூக்கு ரொம்பப் பெரிசா தெரியுது. ஃபில்டர் போட்டா சரியா இருக்கு. ஆபரேஷன் பண்ணிக்கலாமான்னு ஒரு வருஷமா யோசிக்கிறேன்.

முதலில் கேமராவைச் சரிசெய்வோம். கையை மடக்கி எடுக்கும் செல்ஃபியில் லென்ஸுக்கும் முகத்துக்கும் சுமார் 30 செ.மீ. தூரம்தான். அவ்வளவு பக்கத்தில் காதைவிட மூக்கு லென்ஸுக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாக விழும். 5 அடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், 12 அங்குலத்தில் எடுத்த படத்தில் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நீங்கள் ஒரு வருஷமாக வருத்தப்படுவது உங்கள் மூக்கைப் பற்றி இல்லாமல் அந்த 30 சதவீதத்தைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

இப்படி எடுத்துப் பாருங்கள். போனை முகத்தின் உயரத்துக்கு அலமாரியிலோ புத்தக அடுக்கின் மேலோ சாய்த்து வையுங்கள். பின்பக்கக் கேமரா, 10 விநாடி டைமர், ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும். தலைக்கு மேல் எரியும் ட்யூப்லைட் கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் போடும். கேமரா அமைப்பில் 'ப்யூட்டி' என்பதை பூஜ்யமாக்குங்கள். சில போன்களில் வாங்கும்போதே அது ஆன் ஆகியிருக்கும், அதனால் வழுவழுப்பான முகத்தையே உங்கள் முகம் என்று கண் பழகிக்கொள்கிறது. இன்னொன்று: கண்ணாடியில் பார்ப்பது இடவலம் மாறிய முகம். பின் கேமரா படம் மாறாமல் வருவதால் "கோணலா இருக்கே" என்று தோன்றும். மற்றவர்கள் தினமும் பார்த்துப் பழகிய முகம் அதுதான்.

படம் சரியாக வந்த பிறகும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூக்கு நினைப்பு ஓடுகிறதா? கண்ணாடியை விட்டு நகர முடியவில்லையா, அல்லது கண்ணாடியே பார்க்காமல் தவிர்க்கிறீர்களா? "நிஜமா பெரிசா இருக்கா?" என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்களா, கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருக்கிறீர்களா? அப்படியானால் இது உடல் உருவக் குறைபாட்டுக் கோளாறாக இருக்கலாம். நூறு பேரில் சுமார் இருவருக்கு இருக்கும் நோய் இது. இவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் நிம்மதி தருவதில்லை. கவலை அதே இடத்தில் நிற்கும் அல்லது தாடைக்கோ பல்லுக்கோ நகரும். எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பயிற்சி கொடுத்து மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நன்றாக வேலை செய்கின்றன. கத்தி வைக்கும் மருத்துவருக்கு முன் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவியின் தாய், திருச்சி: பொண்ணு ஃபில்டர்ல வெள்ளையா தெரியற படத்தைத்தான் வைக்கிறா. இப்ப யாரோ ரீல்ஸ்ல சொன்னாங்கன்னு பேரு தெரியாத க்ரீம் ஒண்ணு வாங்கிப் பூசறா. "நீ கருப்பா இருந்தாலும் களையா இருக்கே"ன்னு எவ்வளவோ சொல்லிட்டேன்.

அம்மா, அந்த 'இருந்தாலும்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். நீங்கள் அன்பாகச் சொன்னது அவள் காதில் "கருப்பு ஒரு குறைதான், அதை மீறி நீ தேறிவிட்டாய்" என்று விழுகிறது. இதைப் போனுக்கு முன்பே நாம் வீட்டில் கற்றுக்கொடுத்துவிட்டோம்: குழந்தை பிறந்ததும் "என்ன கலர்?", வெயிலில் விளையாடினால் "கறுத்துடுவே", பெண் பார்க்க வந்தால் "நல்ல சிவப்பு". ஃபில்டர் அதைத்தான் நாளுக்கு நூறு தடவை அவளுக்குச் சொல்கிறது. நிறத்தைப் பற்றி நல்லதாகவும் வேண்டாம், கெட்டதாகவும் வேண்டாம். மூன்று மாதம் வீட்டில் அந்தப் பேச்சையே நிறுத்துங்கள். பாட்டியிடமும் சொல்லிவையுங்கள்.

க்ரீம் விஷயம் அவசரம். ட்யூபில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் இருக்கிறதா பாருங்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சில வாரம் பளிச்சென்று இருக்கும். பிறகு தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு வெடிக்கும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டால் எரியும். திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் கூடும், அதனால் அவள் பயந்து மறுபடி பூசுவாள். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். லேபிளே இல்லாத க்ரீமில் பாதரசம் இருக்கலாம். 2023-ல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களே காரணம் என்று மருத்துவர்கள் கண்டார்கள். அவளுக்குக் காலோ முகமோ வீங்கியிருந்தால், சிறுநீர் நுரைத்துப் போனால், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐ.டி. ஊழியர், சென்னை: எல்லாத்துக்கும் போனையே குத்தம் சொல்றீங்களே, ஆதாரம் இருக்கா? மனசு பலவீனமா இருந்தா எதைப் பார்த்தாலும்தான் பொறாமை வரும்.

நியாயமான கேள்வி சார். ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எல்லோரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் பாதிப்பு சிறிதாகத்தான் வருகிறது. ஆனால் சராசரிக்குள் சிலர் பலமாக அடிபடுகிறார்கள்; சிலருக்கு, குறிப்பாக ஊரில் தனியாக இருப்பவர்களுக்கு, நன்மையும் கிடைக்கிறது. இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனமே 2019-ல் தயாரித்த உள் அறிக்கை ஒன்று, பதின்ம வயதுப் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் பற்றிய மனக்குறையை நாம் மோசமாக்குகிறோம் என்று சொன்னது. அது 2021 செப்டம்பரில் வெளியே வந்தது. "ஏற்கெனவே அந்தக் குறை இருப்பதாகச் சொன்னவர்களில்தான் மூவரில் ஒருவர்" என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. விளக்கத்தை அப்படியே ஏற்றாலும் என்ன சொல்கிறது? ஏற்கெனவே புண் இருப்பவருக்குத்தான் அது உரசுகிறது. அதைப் பலவீனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

34 வயது, திருப்பூர்: கூடப் படிச்சவன் ஒவ்வொருத்தனும் கிரகப்பிரவேசம், கார், கனடான்னு ஸ்டேட்டஸ் போடறான். நானும் சக்திக்கு மீறி கார் லோன் எடுத்துடலாமான்னு இருக்கேன்.

ஸ்டேட்டஸில் சாவி தெரியும், தவணை தெரியாது. 30 நாள் தள்ளிப்போடுங்கள். அந்த 30 நாளும் அந்தத் தவணைத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். மூச்சு முட்டவில்லை, படம் போடாவிட்டாலும் இந்தக் கார் வேண்டும் என்று கணவன் மனைவி இருவருக்கும் தோன்றுகிறது என்றால் வாங்குங்கள். இடையில் லிங்க்ட்இன்னில் அவர்களை அன்ஃபாலோ செய்யுங்கள்; தொடர்பு அறுபடாது, பதிவுகள் மட்டும் வராது.

நாலு மாதக் குழந்தையின் தாய், கோவை: இதே மாசம் பிறந்த குழந்தைங்க குப்புற விழுற வீடியோவா வருது. என் பையன் இன்னும் விழலை. என் வயிறும் உள்ளே போகலை. அழுகையா வருது.

உலக சுகாதார அமைப்பு ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்துப் போட்ட கணக்கில், பிடிமானமில்லாமல் உட்காரும் வயது சுமார் 4 முதல் 9 மாதம். தனியாக நடப்பது சுமார் 8 முதல் 18 மாதம். நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே பத்து மாத வித்தியாசம் பாருங்கள். சீக்கிரம் செய்த குழந்தையின் வீடியோதான் பதிவேறும். தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடமோ குழந்தை மருத்துவரிடமோ கேளுங்கள், ரீல்ஸிடம் வேண்டாம். வயிறு ஒன்பது மாதம் விரிந்தது, நாலு மாதத்தில் திரும்பவில்லை என்று அதைக் கோபிக்காதீர்கள்.

அழுகையைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான நாட்கள், இரண்டு வாரத்துக்கு மேல், குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். பால் கொடுக்கும்போதும் எடுத்துக்கொள்ளக்கூடிய மருந்துகள் உண்டு. 14416 என்பது மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண். இலவசம், எந்நேரமும், தமிழிலும் பேசலாம். எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் காத்திருக்காமல் கூப்பிடுங்கள், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூ மாணவன், சேலம்: மொத்தமா டெலீட் பண்ணிட்டா சரியாயிடுமா?

சிலருக்குச் சரியாகும் தம்பி, பலர் பத்தாம் நாள் திரும்பி வந்து இரண்டு மடங்கு பார்ப்பார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018-ல் வெளியான சோதனையில் 143 மாணவர்கள். ஒரு பகுதியினர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்தே நிமிடம் என்று மூன்று வாரம் குறைத்தார்கள். அவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்தது. சோர்வு அதிகம் இருந்தவர்களுக்கு அதுவும் குறைந்தது.

நீ அரை மணி நேரம் வைத்துக்கொள். டைமர் மட்டும் போட்டால் ஒரே தட்டில் தள்ளிவிடுவாய், எல்லோரும் அப்படித்தான். அதனால் ஆப்பிலிருந்து லாக்அவுட் செய்து, பாஸ்வேர்டை அக்காவிடம் மாற்றச் சொல்; தினமும் அவளிடம் கேட்டுத்தான் திறக்க வேண்டும். சார்ஜரைக் கூடத்தில் வை, காலையில் எழ ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் போதும். பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்: இன்ஸ்டாவை விட்டுவிட்டு அதே அரை மணியை ஷார்ட்ஸில் போடுவது. யூட்யூப் அமைப்பில் பார்த்த வரலாற்றை அழித்து நிறுத்திவிட்டால் முகப்புப் பக்கமே காலியாகிவிடும், தேடியதை மட்டும் பார்க்கலாம்.

தையல் கடை நடத்துபவர், கரூர்: நான் பார்க்கிறவ மட்டுமில்ல, போடறவளும்தான். ப்ளவுஸ் படத்துக்கு முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இறுக்கித்தான் எடுக்கிறேன். இது தப்பா?

கடைக்கு நல்ல படம் வேண்டும்தான். ஆனால் அந்த கிளிப்பைப் பார்க்காதவர், "எனக்கு மட்டும் ஏன் இப்படிப் பிடிக்கலை?" என்று தன் உடம்பைத்தான் குறை சொல்வார். ஒரே டிசைனை 34, 38, 42 என மூன்று அளவில், மூன்று பேருக்குத் தைத்துப் போட்டு, அளவைப் படத்திலேயே எழுதுங்கள். கை தூக்கினபடி ஒரு படம், உட்கார்ந்தபடி ஒன்று, பின்பக்கம் கிளிப் இல்லாமல் ஒன்று. அளவு பார்த்து ஆர்டர் வரும். பிரித்துத் தைக்கத் திரும்பி வரும் துணியும் குறையும்.