வளர்த்தி ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம்

கேள்வி: மகனுக்கு 13 வயது, எட்டாம் தரம். ஒரு வருடத்துக்குள் என்னைவிட உயர்ந்துவிட்டான், குரலும் உடைந்துவிட்டது. கோணேசர் கோயிலுக்குப் போனால் சேட் கழற்ற மாட்டேன் என்று வெளியிலேயே நிற்கிறான். போன மாதம் டியூஷன் என்று சொல்லிவிட்டுக் கூட்டாளிமாரோடு டச்பே கடலில் குளித்திருக்கிறான். கேட்டால், "நீங்கள் மட்டும் வீட்டில் இல்லை என்று சின்னம்மாவுக்குப் போனில் பொய் சொல்லலாமா?" என்கிறான். பிள்ளை கெட்டுப்போகிறானா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: இல்லை. முதலில் அந்தச் சேட் விஷயம், அவனுக்கு அதுதான் பெரிய பாரமாக இருக்கும். பருவமடையும் பையன்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முலைக்காம்பின் அடியில் சின்னக் கட்டி போலத் தடிக்கும், பட்டால் நோகும். ஹோர்மோன்களின் ஏற்ற இறக்கம்தான் காரணம். அனேகமாக இரண்டு வருடத்துக்குள் தானாக வற்றிவிடும். உங்கள் மகனுக்கும் இதுவாக இருக்கலாம், முதுகில் பருக்கள் என்ற வெட்கமாகவும் இருக்கலாம். பெண் பிள்ளைக்குச் சாமத்திய வீடு வைத்து ஊருக்கே சொல்லும் நாங்கள், ஆண் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை! அப்பாவோ மாமாவோ தனியாகக் கூப்பிட்டு, "இது நிறையப் பேருக்கு வாறதுதான்" என்று சொல்லட்டும். கட்டி வேகமாகப் பெருத்தாலோ, கல்லுப்போல இறுகினாலோ, இரண்டு வருடம் தாண்டியும் இருந்தாலோ டொக்டரிடம் காட்டுங்கள்.

உயரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முன்பின் யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கும். கூட்டாளிமார் பக்கத்தில் நின்றால் இந்த வயதில் துணிச்சல் இன்னும் கூடும். தனியே விட்டிருந்தால் அன்றைக்கு டியூஷனுக்கே போயிருப்பான்.

இனி அந்த வாய்க்காட்டல். 1958இல் லோரன்ஸ் கோல்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 10, 13, 16 வயதுப் பையன்களிடம் ஒரு சிக்கலைக் கொடுத்தார்: சாகக் கிடக்கும் மனைவிக்காக ஒருவன் மருந்தைத் திருடலாமா? ஆம், இல்லை என்ற பதிலை அவர் பெரிதாக எடுக்கவில்லை, சொன்ன காரணத்தைத்தான் பார்த்தார். சின்னவர்கள் தண்டனையையும் இலாப நட்டத்தையும் கணக்குப் பார்ப்பார்கள். வளர வளர, மற்றவர் மனம், நம்பிக்கை, எல்லோருக்கும் பொதுவான விதி என்று யோசனை விரியும். உங்கள் மகன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான். "நீங்கள் செய்தால் நானும்" என்பது பழைய கணக்கு. ஆனால் விதி பெரியவர்களுக்கும் ஒன்றுதானே என்று கண்டுபிடித்திருக்கிறானே, அது புதிது. எனக்கு அது பிடித்திருக்கிறது. நியாயம் பேசத் தெரிந்தவன் அப்படியே நடப்பான் என்றில்லை, நாங்களும் அப்படித்தானே.

ஆகவே சின்னம்மா விஷயத்தில் அவன் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதட்டாமல், "டியூஷன் சேர் போன் எடுத்து உன்னைக் காணவில்லை என்றிருந்தால், நான் உன்னை எங்கே தேடியிருப்பேன்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். தவறிய பாடத்தை அவனே சேரிடம் போய்ச் சொல்லிக் கேட்டுப் படிக்கட்டும். கடலை முற்றாகத் தடுக்க வேண்டாம், தடுத்தால் ஒளித்துப் போவான். ஞாயிறு, பெரியவர் ஒருவர் கூட, என்று பேசி முடியுங்கள்.