கால்சியம் பொடி தூவியும் ஆமையின் ஓடு மெத்தென்று இருப்பது ஏன்?

கேள்வி: இரண்டு வயது நில ஆமையை வீட்டுக்குள் ஜன்னலோரம், கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறேன். வெள்ளரிக்காய், தக்காளி, வாழைப்பழம்தான் தீனி. தினமும் கால்சியம் பொடி தூவுகிறேன். ஆனாலும் ஓடு மெத்தென்று இருக்கிறது, முதுகில் மேடு மேடாக எழும்புகிறது. இப்போது பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. பொடியைக் கூட்டலாமா?

பதில்: பொடியைக் கூட்ட வேண்டாம். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுபோங்கள். கால் இழுக்கிறது என்றால் எலும்பு வலுவிழக்கும் நோய் முற்றிவருகிறது என்று அர்த்தம். எக்ஸ்ரேயில் எலும்பின் நிலையும் முறிவு இருந்தால் அதுவும் தெரியும். கால்சியம் ஊசி தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். தூக்கும்போது அடியில் கை கொடுத்துத் தாங்குங்கள். இந்த நிலையில் காலைப் பிடித்து இழுத்தாலே எலும்பு முறியலாம்.

ஆமையின் ஓடு, முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து விரிந்த எலும்புதான். மேலே நகம் போன்ற தகடுகள் மூடியிருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு அதை எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ஓடும் தாடையும் மெத்தென்று ஆகின்றன. முட்டையிலிருந்து வந்த புதிதில் ஓடு கொஞ்சம் அமுங்குவது இயல்பு. இரண்டு வயதில் அமுங்கக் கூடாது.

அப்படியானால் தூவிய பொடி எங்கே போனது? குடல் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டால்தான் ஆமை அதைத் தயாரிக்கும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் நிறுத்திவிடும். ஆமை வெயில் காய்வதாக நீங்கள் நம்பியிருப்பீர்கள், பாவம், அதற்குக் கிடைத்தது சூடு மட்டும்தான். கண்ணாடித் தொட்டியை அப்படியே வெயிலில் வைத்துவிடாதீர்கள், உள்ளே வெந்துவிடும். பாதி நிழலுள்ள, வேலியிட்ட திறந்த இடத்தில் காலை வெயிலில் விடுங்கள். அதற்கு வழியில்லையென்றால் புற ஊதா பி விளக்கு வாங்கி, தயாரிப்பாளர் சொன்ன தூரத்தில், நடுவே கண்ணாடி எதுவும் இல்லாமல் மாட்டுங்கள். நாளாக ஆக, விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் குறைந்துபோயிருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பொதுவாக 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். சூடும் அவசியம். பெரும்பாலான நில ஆமைகளுக்கு வெயில் காயும் மூலை 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும், மறுகோடி குளிர்ச்சியாக இருக்கட்டும். உடம்பு சூடேறாவிட்டால் தீனியும் சரியாகச் செரிக்காது.

தீனியையும் மாற்றியாக வேண்டும். பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒன்றரை, இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். தக்காளியிலும் வாழைப்பழத்திலும் கணக்கு தலைகீழ். வெள்ளரிக்காயில் பெரும்பாலும் தண்ணீர்தான். இலைதழை தின்னும் இனங்களுக்குப் புல், மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் நல்லது. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அதை அன்றாடத் தீனியாக்காதீர்கள். கணவாய் ஓடு ஒரு துண்டு போட்டு வையுங்கள், தேவைப்படும்போது கொறித்துக்கொள்ளும். டி3 மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் கால்சியம் படிந்துவிடும்.

முதுகு மேட்டுக்குப் புரதத்தைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். 2003-இல் வெளியான, ஆப்பிரிக்க நில ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்த ஆய்வில், புரதத்தைவிட வறண்ட காற்றே பெரிய காரணமாகத் தெரிந்தது. ஆகவே ஈரப்பதமுள்ள மண் நிரப்பிய ஒளிவிடம் ஒன்று அமையுங்கள். எழும்பிய மேடு இனி அமுங்காது. புதிதாக வளரும் வளையம் மட்டமாக வருகிறதா என்று கவனித்து வாருங்கள்.