விரலைத் திட்டாதீர்கள், கிடாரைப் பாருங்கள்

வாசகர் கேள்விகள்: கம்பத்திலிருந்து கிடார் மாஸ்டர் பதில்

கேள்வி: எனக்கு 41 வயது. சொந்த ஊர் சின்னமனூர். வண்டன்மேட்டில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் எடை போடுகிறேன். வேலையை விட்டுப் போன ஒருவரிடம் இரும்புத் தந்தி போட்ட பழைய கிடார் ஒன்றை வாங்கினேன். மூன்று வாரமாக ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிறேன். இடது கை விரல் நுனியெல்லாம் எரிகிறது. எஃப் கார்ட் (பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) ஒருநாள் கூடச் சத்தம் கொடுக்கவில்லை. மழை ஈரம் படக்கூடாது என்று டிரையர் அறையை ஒட்டித்தான் கிடாரை மாட்டி வைத்திருக்கிறேன். வயது கடந்துவிட்டதா மாஸ்டர்?
*ஒரு வாசகர், வண்டன்மேடு*

பதில்: எனக்கு 54 ஆகிறது, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். முதலில் அந்தக் கிடாரை டிரையர் பக்கத்திலிருந்து எடுங்கள் தம்பி. மீதியை அப்புறம் படிக்கலாம்.

பச்சை ஏலக்காயை அவசரப்பட்டுச் சூடு ஏற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காய் வெடிக்கும், நிறம் போகும். கிடாரின் மேல்பலகை இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள மரம். வெளியே மழை ஈரத்தைக் குடித்து உப்பும், உங்கள் டிரையர் சூட்டில் சுருங்கும். இப்படி மாறி மாறி நடந்தால் பசை விடும், பலகை பிளக்கும். நூற்றுக்கு 45 முதல் 55 வரை ஈரப்பதம் உள்ள இடத்தில்தான் கிடார் நிம்மதியாக இருக்கும். இடுக்கி மலையில் ஆடி மாதத்தில் அது கிடைக்காது. அதனால் உறையில் போட்டு, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, நீங்கள் தூங்கும் அறையில் வெளிச்சுவரில் சாயாமல் வையுங்கள். அது போதும்.

இப்போது விரலுக்கு வருகிறேன். வயது காரணம் என்று நான் நினைக்கவில்லை. 41 வயதில் தொடங்கியவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குக் குறை கையில் இல்லை, கிடாரில்தான் இருந்தது. தந்திக்கும், கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த பிரெட் கம்பிக்கும் இடையே உள்ள உயரத்தை ‘ஆக்‌ஷன்’ என்போம். அதை அளந்து பாருங்கள். கருவி ஒன்றும் வேண்டாம், ஏ.டி.எம். அட்டை போதும். எழுத்து மேடு இல்லாத ஒரு அட்டை முக்கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும். 12-வது பிரெட்டுக்கு மேலே, தடித்த தந்திக்குக் கீழே அட்டைகளை அடுக்கி நுழையுங்கள். தந்தியைத் தூக்காமல் மூன்று அட்டை போனால் சரியான உயரம். நாலு போனால் சமாளிக்கலாம். ஐந்தோ ஆறோ தாராளமாக நுழைந்தால், பத்து வருடம் வாசித்தவனுக்கும் அந்தக் கிடாரில் விரல் எரியும்.

உயரமாக இருந்தால் மதுரையிலோ கோட்டயத்திலோ நல்ல இசைக்கருவிக் கடையில் காட்டுங்கள். தந்திகள் வந்து உட்காரும் வெள்ளைத் துண்டு, சேடில் என்பார்கள், அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் குறைப்பார்கள். 12-வது பிரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் போகவேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம், கொஞ்சம் தேய்த்துவிட்டு “சரியாப் போச்சு” என்று கொடுத்துவிடுவார்கள். அங்கேயே அட்டையை வைத்து அளந்து வாங்குங்கள்.

அதுவரை சும்மா இருக்கவேண்டாம். ஆறு தந்தியையும் அரை சுரம் இறக்கி வாசியுங்கள், இழுவிசை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அடுத்த முறை தந்தி மாற்றும்போது 012 செட் வாங்காமல், அதைவிட ஒல்லியான 010 செட் வாங்குங்கள். 012 செட்டில் ஆறு தந்தியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுவிசை. மூட்டை தூக்குகிறவருக்கு அது என்ன கனம் என்று தெரியும்.

இழுவிசையை நான் அனுபவித்துக் கற்றவன். கம்பமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் மஸ்டர், அதாவது ஆள் வருகைப் பதிவு, எழுதிக்கொண்டிருந்த காலம், 22 வயது. பக்கத்துச் சர்ச்சில் பாட்டு நடத்திய சேட்டன் ஒருவர் தன் பழைய நைலான் தந்திக் கிடாரைக் கொடுத்தார். நைலான் சத்தம் மெதுவாக இருக்கிறதே என்று கம்பத்தில் இரும்புத் தந்தி வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி தொழிலாளர் லயத்தில் எல்லோரும் தூங்கும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் மேல்பலகையில் ஒரு சிம்பைப் பிய்த்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. நைலான் கிடாரின் பலகை ஏறத்தாழ 40 கிலோ இழுவைக்குக் கட்டியது. மறுநாள் சேட்டன் முகத்தில் விழிக்கவே எனக்கு முடியவில்லை. அவர் திட்டவில்லை. உட்காரவைத்து, பலகையின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஓடும் மெல்லிய சட்டங்களை அன்றுதான் தொட்டேன். அந்த நாளிலிருந்து எந்தக் கிடாரைக் கையில் எடுத்தாலும் முதலில் பிரிட்ஜ் எழும்பியிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாள் நுழைந்தால் தந்தியைத் தளர்த்தி வைத்துவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள்.

சரி, கிடார் நன்றாக இருக்கிறது என்றால் கை. விரலைப் பிரெட் கம்பிக்கு மேலேயும் வைக்கக்கூடாது, இரண்டு கம்பிக்கு நடுவிலும் வைக்கக்கூடாது. கம்பியை ஒட்டி, அதற்கு ஒரு நெல் அகலம் பின்னால் வையுங்கள். மூன்றாம் தந்தியில் (ஒல்லியான தந்தியை ஒன்று என்று எண்ணவேண்டும்) மூன்றாம் பிரெட்டைப் பிடித்து மீட்டுங்கள். பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே மீட்டிக்கொண்டிருங்கள். ஓர் இடத்தில் தந்தி இரையத் தொடங்கும். அதற்கு ஒரு மயிரிழை அதிகமான அழுத்தம் போதும். நீங்கள் அதைப்போல் மூன்று மடங்கு அழுத்துகிறீர்கள் என்பது என் ஊகம், ஏனென்றால் தொடங்குகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ராத்திரி ஒரு மணி நேரம் வேண்டாம். காலையில் 15 நிமிடம், ராத்திரி 15 நிமிடம். குளித்துவிட்டு உடனே உட்காராதீர்கள், ஊறிய தோல் சீக்கிரம் கிழியும். விடாமல் வாசித்தால் மூன்று, நாலு வாரத்தில் நுனி காய்த்துவிடும்.

எஃப் கார்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு விரலால் ஆறு தந்தியையும் அமுக்குவது மூன்றாம் வாரத்து வேலையே இல்லை. உங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யாராக இருந்தாலும் எனக்கு வருத்தம்தான். ஈ மைனரில் தொடங்குங்கள்: ஐந்தாம், நாலாம் தந்திகள் இரண்டாம் பிரெட்டில், இரண்டே விரல். அதோடு மூன்றாம் தந்தியில் முதல் பிரெட்டைச் சேர்த்தால் ஈ மேஜர். இனி இந்த மூன்று விரலையும் வடிவம் கலையாமல், ஒல்லியான தந்திகள் பக்கம் ஒரு தந்தி நகர்த்துங்கள். ஏ மைனர் வந்துவிட்டது. இந்த ஒரு நகர்வைத்தான் நான் முதல் பத்து நாள் செய்யச் சொல்வேன். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து எத்தனை முறை மாற்றினீர்கள் என்று எண்ணி நாள்காட்டியில் எழுதுங்கள். முதல் நாள் ஐந்தோ ஆறோ வரும். 30 வந்த நாளில் பாட்டுக்கு வாசிக்கலாம். கார்டைப் பிடிக்கத் தெரிவதைவிட ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் விடாமல் போவதுதான் கிடார்.

எஃப் இல்லாமல் முடியாத பாட்டு என்றால் சின்ன எஃப் பிடியுங்கள்: நாலாம் தந்தி மூன்றாம் பிரெட், மூன்றாம் தந்தி இரண்டாம் பிரெட், ஒல்லியான இரண்டு தந்தியையும் முதல் பிரெட்டில் ஆள்காட்டி விரல் படுத்து அமுக்கும். மேலே உள்ள இரண்டு தடித்த தந்தியை மீட்டவேண்டாம்.

அட்டை எத்தனை நுழைந்தது என்று எழுதுங்கள் தம்பி. காத்திருக்கிறேன்.

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. நாலு வருடமாகப் பாட்டு கற்கிறாள். சுருதி ஐந்தரைக் கட்டை. இப்போது கிடார் வேண்டும் என்று அடம். பாட்டு டீச்சர், “சுரஸ்தானம் கெட்டுப்போகும்” என்று பயமுறுத்துகிறார். வாங்கித் தரலாமா?
*ஒரு தாய், கூடலூர் (தேனி)*

பதில்: டீச்சர் சொல்வதில் உண்மை இருக்கிறது அம்மா, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். கிடாரின் பிரெட்டுகள் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமமான படியாக வெட்டியவை. தம்புராவின் மந்தரத் தந்தியில் தானாக எழுமே அந்தர காந்தாரம், அதைவிடக் கிடாரின் காந்தாரம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். நல்ல காது உள்ள பிள்ளைக்கு அது உறுத்தும். உறுத்தட்டும். அந்த வேறுபாடு கேட்கிற காது வளர்ந்த காது. தம்புரா இல்லாமல் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பழகினால்தான் கெடும். பாட்டுப் பயிற்சி எப்போதும் போலச் சுருதிப் பெட்டியோடு நடக்கட்டும், கிடார் தனி நேரத்தில் இருக்கட்டும்.

அவளுக்குக் கார்டில் தொடங்காமல் சரளி வரிசையில் தொடங்கச் சொல்லுங்கள். மூன்றாம் தந்தி ஜி, அதாவது ஐந்து கட்டை. முதல் பிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்தியையும் அமுக்கிப் பிடிக்கும் கிளிப்) போட்டால் ஐந்தரைக் கட்டை, அவள் பாடும் ஸா அதே இடத்தில் வந்துவிடும். கேப்போவிலிருந்து எண்ணினால் மாயாமாளவகௌளை ஒரே தந்தியில் இப்படி ஏறும்: ஸா வெறும் தந்தி, ரி 1, க 4, ம 5, ப 7, த 8, நி 11, மேல் ஸா 12. முதலில் வாயால் பாடட்டும், அப்புறம் விரல் தேடட்டும். என் மாணவிகளில் பாட்டு தெரிந்த பெண்கள் இதை ஒரே மாலையில் பிடித்துவிடுகிறார்கள். கார்ட் மட்டும் தெரிந்த பையன்கள் ஒரு மாதம் திணறுகிறார்கள். கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கவேண்டும், அதற்கு விரல் பலம் சேர ஒரு வருடம் ஆகும். கிடாரில் கர்நாடக சங்கீதம் முழுக் கச்சேரியாகவே நடக்கிறது. பிரசன்னா வாசிப்பதை மகளோடு உட்கார்ந்து கேளுங்கள். டீச்சரையும் கூப்பிடுங்கள்.

ஏழாம் வகுப்பு என்றால் முழு அளவுக் கிடாரே சரியாக இருக்கும், உடம்பு மெலிவு என்றால் முக்கால் அளவு. நைலான் தந்தி வாங்குங்கள். கழுத்து கொஞ்சம் அகலம், ஆனால் விரல் எரியாது.

கேள்வி: பண்ணைப்புரம் எங்கள் பக்கத்து ஊர். இளையராஜா கேள்வி ஞானத்திலேயே வந்தவர்தானே? பிறகு எதற்கு நொட்டேஷன் படிக்கவேண்டும்?
*கல்லூரி மாணவர், உத்தமபாளையம்*

பதில்: பாதிதான் சரி தம்பி. அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராக மேடையேறியது கேள்வி ஞானம். அந்தக் கம்யூனிஸ்ட் கட்சிப் பாட்டு மேடைகள் நம் எல்லையோடு நிற்கவில்லை, 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் வரைக்கும் மலையேறிப் போனது பாவலரின் குரல். ஆனால் சென்னைக்குப் போன பிறகு இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிகல் கிடார் தேர்வு எழுதித் தங்கப் பதக்கமும் வாங்கினார். காதால் அவ்வளவு தெரிந்த மனிதர் அதற்கு மேலும் படித்தார் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய மனக்குறை. நீங்கள் முதல் ஆறு மாதம் காதாலேயே வாசியுங்கள். ஏழாம் மாதம் நொட்டேஷன் எழுதும் ஐந்து கோடுகளைக் கையில் எடுங்கள். தினமும் இரண்டு வரி எழுதினால் போதும்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரம் இருக்கிறது. எங்கள் பாடகர் குழுவில் பாதித் தமிழ்ப் பாட்டு, பாதி மலையாளப் பாட்டு. இப்போதுதான் கிடார் தொடங்கினேன். வாசிக்க முடியுமா?
*ஒரு வாசகி, குமுளி*

பதில்: முடியும். பாட்டு எந்த மொழியானாலும் கிடாருக்கு ஒன்றுதான். ஜி, சி, டி, ஈ மைனர் இந்த நாலோடு நிறுத்துங்கள், குழுவின் சுருதிக்குக் கேப்போவை நகர்த்திக்கொள்ளுங்கள். கட்டை விரலால் கீழ்நோக்கி மட்டும், ஒரு தட்டுக்கு ஒரு மீட்டு. எந்தெந்தப் பாட்டு என்று இந்த வாரமே குழுவில் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், மூன்றுக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்ட் மாறும்போது விரல் வந்து சேரவில்லை என்றால் இடது கையை விட்டுவிட்டு வலது கை மட்டும் தட்டிக்கொண்டே போகட்டும். பாடுகிறவர்கள் உங்களுக்காக நிற்கமாட்டார்கள், அடுத்த தட்டில் சேர்ந்துகொள்ளலாம். டிசம்பரில் குமுளிக் குளிருக்கு விரல் விறைக்கும், கிடாரும் சுருதி மாறும். அரை மணி நேரம் முன்பே உறையைத் திறந்து வைத்துவிட்டு, பாட்டு தொடங்குவதற்குச் சற்று முன் சுருதி சேருங்கள்.