அடியைப் பார்த்து வளரும் பிள்ளை கை ஓங்கும்போது: கேள்வி பதில்

கம்பத்திலிருந்து ஓர் அம்மா: மேடம், நான் விடியுமுன்னே ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போறவ. வீட்டுக்காரர் குடிச்சுட்டு என்னைத்தான் அடிப்பார், பையனைத் தொட்டதில்ல. பத்தாவது படிக்கிறான். இப்ப அவனே தங்கச்சியை அடிக்கிறான். ஏன்?

அடி உங்கள் மேல் விழுந்தாலும் அவன் உடம்பும் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறதம்மா. ராத்திரி வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அவனைக் கவனியுங்கள். தோள் தூக்கிக்கொள்ளும், சோற்றில் இருக்கும் கை அப்படியே நிற்கும். வருஷக்கணக்காக ஆபத்துக்குக் காத்திருந்து பழகியவனுக்கு, தெரியாமல் பட்ட கைகூட அடியாகத்தான் தோன்றும். தங்கை ரிமோட்டைப் பிடுங்கினால் யோசிக்குமுன் கை போய்விடுகிறது. அடிக்கிறவர் சொல்தான் வீட்டில் நடக்கும் என்பதையும் பார்த்தே படித்திருக்கிறான்.

சண்டையின்போது முதலில் சின்னவளை வேறிடத்துக்கு அனுப்புங்கள். அவன் மூச்சு இறங்கிய பிறகு, "கோபப்படலாம், அவளை அடிக்கக் கூடாது" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். "அப்பன் புத்தி அப்படியே இருக்கு" என்று மட்டும் வாய் தவறியும் சொல்லாதீர்கள். அவன் உள்ளுக்குள் பயப்படுவதே அதற்குத்தான்.

அதே அம்மா: அப்பா மாதிரியே ஆயிடுவானா?

கட்டாயமில்லை. அடியைப் பார்த்து வளர்ந்தும் யாரையும் அடிக்காதவர்கள் நிறையப் பேர். தாய்மாமாவோ டீச்சரோ, நம்பிப் பேச நிலையான ஒரு பெரியவர் இருந்தால் பெரிய பலம். ஆனால் வீட்டில் அடி நிற்காமல் பையனுக்கு மட்டும் கவுன்சிலிங் கொடுத்தால் பலன் நிலைக்காது.

புளியரை ஆசிரியர்: ஒன்பதாம் வகுப்பில் தினமும் அடிதடி பண்ணும் ஒருவன். அவன் அப்பாவை வரச் சொல்லலாமா?

வேண்டாம் சார். வீட்டில் அடி நடக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், அந்தப் புகாருக்கு அன்று ராத்திரியே அடி விழும். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள், வகுப்பின் நடுவில் அதட்டாதீர்கள். சுவரோரம், கதவு தெரியும் இடத்தில் உட்கார வையுங்கள். தனியாக, "வீட்டில் யாராவது யாரையாவது அடிக்கிறாங்களா?" என்று நேராகக் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபத்து என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் வாயே திறக்காமல், அடிக்கடி தலைவலி என்று படுக்கும் பெண்பிள்ளைகளையும் விட்டுவிடாதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: அக்காவைப் பாலக்காடு பக்கம் சித்தூரில் கட்டிக்கொடுத்தோம். அடி தாங்காம பிள்ளைகளோட இங்க வந்துட்டாங்க. பெரியவனுக்குப் பதினாறு, அடி விழும்போது குறுக்கே பாயுறான். கேஸுக்குக் கேரளாவுக்குத்தான் போகணுமா?

போக வேண்டாம். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். பிள்ளைகளைத் தற்காலிகமாக அம்மாவிடமே விடவும் அதிலேயே கேட்கலாம். இந்தச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார், பெண்கள் உதவி எண் 181லும் வழி சொல்வார்கள். பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு.

அதுவரை அக்கா வீட்டுக்காரர் தேடி வந்தால் பையன் நடுவில் போகக் கூடாது. அவனுக்கும் அம்மாவுக்கும் காயம் பெரிதாகும். அவன் வேலை, தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அவசர உதவி எண் 112க்குப் போன் போடுவது. எந்த வீடு என்று இன்றைக்கே பேசி வையுங்கள். ஆதார், மார்க் ஷீட், பாஸ்புக் ஒரு பையில் போட்டு அங்கேயே இருக்கட்டும்.